பதினேழு கல் வாட்ச்: சேலத்திலிருந்து ஒரு கடிகாரப் பெட்டி

(காட்சி: ஏற்காடு ஏரியின் காலை மூடுபனி. பழைய கைக்கடிகாரம் ஒன்று மிக அருகில்.)

1996ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் அப்பா எங்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றார். அடிவாரத்தைக் கடந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்து, ஏரிக்கரையில் பேருந்தை விட்டு இறங்கியதும் மணி பார்ப்பதற்காக அவர் கையைத் திருப்பினார். கடிகாரத்தின் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பூத்திருந்தது. சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை. பனி கண்ணாடியின் உள்பக்கத்தில் இருந்தது.

அந்தக் கடிகாரம் இந்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி. செய்த ஜனதா. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்த பிறகு, 1978இல், சேர்த்து வைத்த சம்பளப் பணத்தில் அப்பா வாங்கியது. இன்று என் பெட்டியில் இருபத்து மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றை ஏன் வாங்கினேன், எவற்றை வாங்காமல் விட்டேன் என்பதை விளக்க வேண்டுமானால், அந்தப் பனியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. சமவெளியின் வெப்பத்தில் வியர்வையும் ஈரக் காற்றும் பின்மூடியை அடைக்கும் ரப்பர் வளையம் பழுதுபட்டால் அதன் வழியாகக் கடிகாரத்துக்குள் புகுந்துவிடுகின்றன. அதே கடிகாரம் ஒரு மணி நேரத்தில் மலைமேல் ஏறிக் குளிரும்போது, உள்ளே அடைபட்ட ஈரம் முதலில் குளிர்கிற இடமான கண்ணாடியில் நீராகப் படிகிறது. பனி தானாகக் கலைந்துவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது. கலைந்த நீர் வெளியே போவதில்லை. முள்ளிலும் இரும்புத் திருகுகளிலும் துருவாக மாறுவதற்குக் காத்திருக்கிறது.

(காட்சி: சின்னக்கடை வீதி. ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய அளவில் கண்ணாடிப் பெட்டிக் கடை.)

மறுநாள் நான்தான் அந்தக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். அங்கே இருந்த வாட்ச் ரிப்பேர்காரரை ஊரே பாய் என்று அழைத்தது. நானும் அப்படியே அழைத்தேன். அவர் லூப் எனப்படும் சிறு உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். பிறகு லூப்பைக் கழற்றி என்னிடம் நீட்டி, "தம்பி, முதல்ல மூடியோட உள்பக்கத்தைப் பாருங்க" என்றார். ஊசி முனையால் கீறிய மூன்று தேதிகள் அங்கே இருந்தன. கடிகாரத்தைப் பிரித்து, கழுவி, எண்ணெய் இட்டு மூடுகிறவர்கள் உள்ளே இப்படி ஒரு குறிப்பு விடுவது அந்தத் தொழிலின் பழைய வழக்கம். 1983, 1988, 1992 என்று மூன்று கையெழுத்துகளில் மூன்று தேதிகள். பதினெட்டு ஆண்டுகளாக அப்பாவின் மணிக்கட்டில் இருந்த பொருளுக்குள், அப்பாவே பார்த்திராத ஒரு குறிப்பேடு இருந்தது. எனக்குக் கடிகாரப் பித்து பிடித்தது அந்த நிமிடத்தில்தான்.

(காட்சி: திறந்த இயந்திரம். பேலன்ஸ் வீல் இரு பக்கமும் திரும்பி ஆடுகிறது.)

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாம் சாவி கொடுக்கும்போது, பேரல் எனப்படும் வட்டப் பெட்டிக்குள் இருக்கும் மெயின் ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரிய முயலும்போது பற்சக்கரங்களைத் தள்ளுகிறது. தடுக்க எதுவும் இல்லாவிட்டால் அந்த விசை முழுவதும் ஒரே மூச்சில் தீர்ந்து, முட்கள் சுழன்று நின்றுவிடும். அதைத் தடுத்து, விசையைச் சிறு சிறு துண்டுகளாக அளந்து விடுவதுதான் எஸ்கேப்மென்ட் செய்யும் வேலை. அதில் உள்ள எஸ்கேப் வீல் என்ற பற்சக்கரத்தின் ஒரு பல்லைப் பேலட் என்ற சிறு கவை பிடிக்கிறது. பேலன்ஸ் வீல் ஆடிவந்து அதை விடுவிக்கிறது. அடுத்த பல் மாட்டிக்கொள்கிறது. நாம் கேட்கும் டிக் டிக் ஒலி அந்தப் பிடிப்பின் ஒலிதான். பேலன்ஸ் வீல் ஒரே சீராக ஆடிக்கொண்டிருப்பதற்குக் காரணம், தலைமுடி போல் மெலிந்த ஹேர் ஸ்பிரிங்.

ஜனதாவின் பேலன்ஸ் ஒரு மணி நேரத்தில் 18,000 முறை, அதாவது வினாடிக்கு ஐந்து முறை அடிக்கிறது. ஒரு நாளில் 86,400 வினாடிகள் என்பதால், நாளொன்றுக்கு 4,32,000 அடிகள். என் பாட்டி சொல்லும் கணக்கில் கலியுகத்தின் ஆண்டுகளும் அதே 4,32,000தான். தற்செயலான பொருத்தம் என்று தெரிந்தும், ஒவ்வொரு நாளும் காலையில் சாவி கொடுக்கும்போது அந்த எண் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

இத்தனை முறை ஆடும் அச்சுகள் உலோகத்தோடு உலோகம் உரசினால் விரைவில் தேய்ந்துவிடும். அதனால்தான் அச்சின் முனைகள் செயற்கை மாணிக்கக் கற்களில் உட்காருகின்றன. வைரத்தின் கடினத்தை 10 என்று வைக்கும் அளவுகோலில் மாணிக்கம் 9. தேயாது, எண்ணெயைத் தன் குழியில் பிடித்துவைக்கும். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று இருப்பதைப் பார்த்து, உள்ளே விலை உயர்ந்த கல் இருக்கிறது என்று நம்பியவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் உண்டு. அவை ஆலையில் உருவாக்கப்படும் கற்கள். விற்றால் காசு தராது, இருந்தால் கடிகாரத்துக்கு ஆயுள் தரும்.

வெப்பமும் ஒரு பகை. வெறும் எஃகினால் செய்த ஹேர் ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து கடிகாரத்தைப் பின்தங்கச் செய்யும். வெப்பநிலை மாறினாலும் தளராத உலோகக் கலவையைத் தந்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த சார்லஸ் எடுவார்டு கியோம். நிக்கல் எஃகுக் கலவைகள் பற்றிய ஆய்வுக்காக அவருக்கு 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சித்திரை வெயிலில் சேலத்து வீதியிலும் மார்கழிக் குளிரில் ஏற்காட்டிலும் ஒரே கடிகாரம் ஏறக்குறைய ஒரே மணியைக் காட்டுவது சாதாரணச் செய்தி அன்று.

(காட்சி: ஜனதா, பைலட் இரண்டும் அருகருகே.)

என் சேகரிப்பின் முதல் பத்தாண்டுகள் முழுவதும் எச்.எம்.டி.தான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, பின்னர் தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் வரை விரிந்தது. கருப்பு டயலில் பெரிய எண்களோடு பைலட், மெல்லிய சோனா, பார்வையற்றோர் விரலால் தடவி மணி அறியும் பிரெயில் கடிகாரம், மாப்பிள்ளை சீருக்கென்றே பலர் தேடிய தானியங்கிக் காஞ்சன் என்று அவர்கள் செய்யாத வகை குறைவு. அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபோது, அதுவரை யாரும் கேட்காமல் கிடந்த கடிகாரங்களுக்கு ஒரே வாரத்தில் விலை ஏறியது. நான் அந்த வாரத்தில் எதையும் வாங்கவில்லை. பதற்றத்தில் வாங்கும் கடிகாரத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது என் கருத்து.

திறந்து பார்ப்பதைவிடவும் முன்னதாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: டயலைப் பார்ப்பது. பழைய கடிகாரம் வாங்க நினைப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன். இணையத்தில் குறைந்த விலைக்கு வரும் பல பழைய கடிகாரங்களின் முகம் அவற்றின் சொந்த முகம் அன்று. மங்கிய டயலைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வண்ணம் பூசி, எழுத்தை அச்சிட்டிருப்பார்கள். ரீடயல் என்று இதைச் சொல்வோம். பழைய விளம்பரங்களில் ஒருபோதும் காணாத ஊதாவும் ஆரஞ்சும் டயலில் இருந்தால் முதலில் ஐயம் கொள்ளுங்கள். லூப் வழியாகப் பாருங்கள்: நிறுவனப் பெயரின் எழுத்துகள் ஓரத்தில் கசிந்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு நேராக நிற்கின்றனவா, சுவிஸ் கடிகாரமானால் ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் தயாரிப்பு என்று சொல்ல வேண்டிய சிறிய எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றனவா?

இருட்டில் ஒளிரும் பூச்சையும் பாருங்கள். நம் ஊரில் ஒளிரும் எல்லாவற்றையும் ரேடியம் என்று சொல்வது, ஒரு காலத்தில் அந்தப் பூச்சில் உண்மையாகவே ரேடியம் இருந்ததால்தான். ரேடியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஆயினும் அதோடு கலந்த ஒளிரும் பொருள் சில பத்தாண்டுகளில் சிதைந்து போவதால் டயல் இருண்டுவிடுகிறது. ஆகவே 1940களின் டயல் பளிச்சென்று ஒளிர்ந்தால், யாரோ அண்மையில் அதைத் தொட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒளிரவில்லை என்பதற்காகக் கதிரியக்கம் போய்விட்டது என்று எண்ணி அந்தப் பூச்சைச் சுரண்டிவிடாதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போவது ஆபத்து.

பாலில் டிகாஷன் சொட்டியதுபோல் மஞ்சளித்த டயல்தான் எனக்குப் பிடிக்கும். ஒரு பக்கம் கறை இருந்தாலும் அது அந்தக் கடிகாரம் வாழ்ந்ததன் அடையாளம். இதை நான் ஓர் இழப்புக்குப் பிறகே கற்றேன். தாய்மாமாவிடமிருந்து வந்த ஒரு பழைய சுவிஸ் கடிகாரத்தை, மெருகு ஏற்றித் தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையில் 2004இல் கொடுத்தேன். அந்தக் காலத்துக் கடிகாரங்கள் பலவற்றின் உடல் பித்தளைமேல் பூசிய குரோம் முலாம். பின்மூடி மட்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மெருகுச் சக்கரம் முலாமைத் தின்றது, கூர்மையான விளிம்புகள் உருண்டுபோயின, ஸ்ட்ராப் மாட்டும் கால்கள் இளைத்துப்போயின. மாமா கடிகாரத்தைக் கையில் வாங்கி, நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் என்னிடம் உள்ள எந்தக் கடிகாரத்துக்கும் நான் மெருகு ஏற்றியதில்லை.

(காட்சி: வெள்ளி நிற டயல் கொண்ட ஒரு சுவிஸ் கடிகாரம்.)

சுவிஸ் கடிகாரங்களில் என் மனம் ஃபாவ்ர் லூபாவிடம் போய் நின்றது. 1737இல் தோன்றிய அந்த நிறுவனம் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது. 1960களில் அவர்கள் செய்த ஓர் இயந்திரத்தில் ஒன்றுக்கு இரண்டு பேரல்கள் உண்டு. ஒரே ஸ்பிரிங் முழுதாக இறுகியிருக்கும்போது வலுவாகத் தள்ளும், தளரும்போது சோர்ந்து தள்ளும். விசை இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகளின் வழியே வரும்போது ஏற்ற இறக்கம் குறைகிறது, கடிகாரமும் நீண்ட நேரம் ஓடுகிறது. அதன் தடிமன் குறைவு என்பது எனக்கு இன்னொரு மகிழ்ச்சி. 35 மில்லிமீட்டர் அகலமும், சட்டைக் கைக்குள் நுழையும் மெலிவும் போதும். மணிக்கட்டைத் தாண்டி வழியும் பெரிய கடிகாரங்கள் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை.

குவார்ட்ஸ் கடிகாரங்களை நான் தாழ்வாக எண்ணவில்லை. 1969 டிசம்பர் 25 அன்று சீகோ வெளியிட்ட அஸ்ட்ரானோடு தொடங்கிய அந்த மாற்றம், துல்லியத்தைச் சாமானியரின் கைக்குக் கொண்டுவந்தது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களில் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். டைட்டன் எட்ஜ் ஒன்றும் என்னிடம் உண்டு. வெறும் 3.5 மில்லிமீட்டர் தடிமனில் ஓசூரில் அதைச் செய்தார்கள். 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூர் எங்கள் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. அதே டைட்டன் 2011இல் ஃபாவ்ர் லூபாவை வாங்கியபோது, என் பெட்டியில் தள்ளித் தள்ளி இருந்த இரண்டு கடிகாரங்களை எடுத்து அருகருகே வைத்தேன்.

ஆனாலும் நாள்தோறும் நான் அணிவது சாவி கொடுக்கும் கடிகாரத்தைத்தான். காலையில் கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு, விரல் தடுக்கும்வரை சாவி கொடுத்து, அங்கே நிறுத்திவிட வேண்டும். ஒரு நாளில் முப்பது வினாடி பிசகினால் வருந்த வேண்டாம். அது பத்தாயிரத்தில் நான்கு பங்குகூட இல்லை. திடீரென நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கினால் மட்டும், கைப்பேசியின் ஒலிபெருக்கிக்கு அருகில் வைத்தோமா என்று யோசியுங்கள். காந்தம் ஏறிய ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொள்வதால் அப்படி ஆகும். காந்தம் நீக்கும் கருவியில் சில வினாடிகளில் சரியாகிவிடும்.

(காட்சி: ஜனதாவின் பின்மூடி, உள்பக்கம்.)

பாய்க்கு இப்போது கை நடுங்குகிறது. புதிய வேலைகளை அவர் ஏற்பதில்லை. சென்ற பங்குனியில் அப்பாவின் ஜனதாவை எடுத்துச் சென்றபோது, அதை மட்டும் மறுக்கவில்லை. காற்றில் ஈரம் குறைந்த மாதம் இது, மூடுவதற்கு இதுவே நல்ல நேரம் என்று சொல்லி, நான்கு நாள் வைத்திருந்து பிரித்துக் கழுவினார், புதிய ரப்பர் வளையம் போட்டார். மூடுவதற்கு முன் ஊசியை என்னிடம் கொடுத்து, "தேதியை நீங்க எழுதுங்க தம்பி, என் எழுத்து இனிமே நேரா வராது" என்றார். 1996இல் அவர் கீறிய தேதிக்கும் அதன் பின் வந்த தேதிகளுக்கும் கீழே, விளிம்பை ஒட்டிக் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே எழுதினேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். ஏரிக்கரையில் இறங்கியதும் அவர் கையைத் திருப்பி மணி பார்த்தார். பத்து இருபது.