ஒரு ரூபாய்ப் பாக்கெட்டும் என் எண்ணெய்த் தலையும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, தலை முழுக்க நல்லெண்ணெய். ஊற வைத்திருக்கிற நேரத்தில் இந்த வீடியோவை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நெற்றியில் வழிந்தால் துடைத்துக்கொள்வேன், கண்டுகொள்ளாதீர்கள்.

கையில் இருப்பதைப் பாருங்கள். ஷாம்பு சரம். தெருமுனைக் கடையில் அக்கா கம்பியில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார், கேட்டால் டர்ரென்று நான்கைக் கிழித்துக் கொடுப்பார். புதுமை என்றதும் எல்லோரும் ஃபோனைப் பற்றியே பேசுகிறோம். ஒரு தொழிலையே புரட்டிப்போட்ட பொருள் என்று என்னைக் கேட்டால், கடலூரிலிருந்து கிளம்பிய இந்தப் பாக்கெட்டைத்தான் சொல்வேன்.

கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்று ஒருவர். முகப் பவுடர் தகர டப்பாவில் மட்டும் கிடைத்த காலத்தில் அதை 20 கிராம் பொட்டலமாக விற்றவர். பேதிக்குச் சாப்பிடுகிற எப்சம் உப்பு 100 கிராமாக வந்தபோது அவர் 5 கிராமில் போட்டார். கூலி வேலை செய்கிறவரும் ரிக்‌ஷா இழுக்கிறவரும் வாங்க முடிய வேண்டும், அதுதான் அவர் கணக்கு. தண்ணீர் மாதிரி ஓடுகிற பொருளையும் பாக்கெட்டில் அடைக்கலாம் என்று நம்பினார். அவருக்குப் பிறகு பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு மகன் சி.கே. ரங்கநாதன், 1983இல் வீட்டுத் தொழிலை விட்டுவிட்டு 15,000 ரூபாயோடு தனியாக வெளியே வந்தார். அவர் போட்டதுதான் சிக் ஷாம்பு. அப்பா பெயரின் ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி வைத்த பெயர் அது. அந்தக் கம்பெனிதான் இன்றைய கெவின்கேர்.

சரி, யாரிடம் விற்பது? அப்போது ஷாம்பு என்றால் பெரும்பாலும் பாட்டில், பாட்டில் என்றால் வசதியான வீடு. மற்ற வீடுகளில் சீயக்காய், அரப்பு, அதுவும் இல்லையென்றால் குளிக்கிற சோப்பையே தலைக்கும் தேய்த்துவிடுவது. ஷாம்பு கம்பெனிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான போட்டி சீயக்காய்த் தூளோடு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

ரங்கநாதனின் ஆட்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். ஒரு பையனை உட்காரவைத்து எல்லோர் முன்னாலும் அவன் தலையை அலசிக் காட்டி, தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்றார்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த வேலை. எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவா, ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழித்து, சிக்கின் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். சீக்கிரமே ஜனங்கள் கடையில் சிக் என்று பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்தார்கள். என்ன மூளை! மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போனது என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்புறம் மல்லிகை வாசனை, ரோஜா வாசனை, விளம்பரத்தில் நடிகை அமலா. பிற்பாடு 50 பைசாவுக்கே பாக்கெட். பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளும் கடைசியில் சரம் கட்டித் தொங்கவிட வேண்டியதாயிற்று.

இப்போது ஒரு சின்னச் சோதனை. இது இருமல் மருந்து மூடி, 5 மில்லி கோடு போட்டது. பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறேன், கத்தரிக்கோல் எங்கே என்று தெரியவில்லை. த்தூ, கசப்பு. பிழிகிறேன்... இன்னும் கொஞ்சம்... கோட்டைத் தொட்டுவிட்டது. அதே பெயரில் இந்தப் பாட்டில் 180 மில்லி. அப்படியென்றால் 36 பாக்கெட், 36 ரூபாய். பாட்டிலின் விலையோ நூறைத் தாண்டுகிறது! மொத்தமாக வாங்கினால் மலிவு என்று பள்ளிக்கூடக் கணக்கில் படித்தோமே, இங்கே தலைகீழ். ஒற்றை ரூபாய் வாடிக்கையாளரை விட்டால் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவார் என்ற பயம்தான், வேறென்ன.

சீயக்காய் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சின்ன வயதில் பாட்டியோடு மாவு மில்லுக்குப் போவேன். மிளகாய்க்கு ஒரு மெஷின், சீயக்காய்க்கு ஓரமாகத் தனியாக ஒன்று. வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல் எல்லாம் சேர்த்துக் கொட்டுவார்கள். அரைபட ஆரம்பித்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் தும்முவார்கள். போன மாதம் அதே மில்லுக்குப் போனேன். அந்த மெஷின் மேல் சாக்கு மூடியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், சிக் போட்ட அதே கம்பெனிதான் மீரா, கார்த்திகா என்று சீயக்காய்த் தூளையும் விற்கிறது. பாக்கெட்டில்தான்!

இதில் எனக்கு உறுத்துகிற ஒன்றும் இருக்கிறது. இந்தக் காலிப் பாக்கெட்டைப் பழைய பேப்பர்காரர் எடுக்கமாட்டார். அடுக்கடுக்காக ஒட்டிய பிளாஸ்டிக் தாள், பிரித்து உருக்குவது எளிதில்லை. எங்கள் தெருச் சாக்கடையை அள்ளும்போது முதலில் மேலே வருவது இதுதான். ஐந்து காலிப் பாக்கெட்டுக்கு ஒன்று இலவசம் என்ற அந்தப் பழைய திட்டத்தை யாராவது திரும்பக் கொண்டுவந்தால், நானே தெருவில் பொறுக்கப் போவேன். காமெடி இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஐயோ, எண்ணெய் கண்ணுக்குள் போய்விட்டது. எரிகிறது. மூடியில் இருக்கிற 5 மில்லியை வீணாக்கக் கூடாது, அதை எடுத்துக்கொண்டு குளிக்கப் போகிறேன். பாட்டி இருந்தால் திட்டுவார். வரட்டுமா.