தப்பைக் கையில் எடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கலைவழிக் கற்பித்தல் என்றதும் பலர் கலைவிழாவைத்தான் நினைக்கிறார்கள். பாடங்களை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை மேடைக்குப் பழக்குவதை நினைக்கிறார்கள். நான் பேச வந்தது அதுவல்ல. கணிதமும் விஞ்ஞானமும் தமிழும் படிப்பிக்கும் சாதாரண வகுப்பாசிரியர், தமது பாடத்துக்குள்ளேயே தாளத்தையும் நடிப்பையும் சித்திரத்தையும் எடுத்தாளப் பழக வேண்டும் என்பதுதான் என் பேச்சு. சங்கீத ஆசிரியரின் வேலை வேறு, இது வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

பயிற்சிக்கு வரும் ஆசிரியர் முதலில் சொல்வது, “சேர், எனக்குப் பாட வராது.” பாட வரவேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்து லயன் வரிசை வீட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாளம் காதில் ஏற்கெனவே இருக்கிறது. மாசி மாதத்தில் விடிய விடிய, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்துப் பார்த்த பிள்ளை அது. சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி தடுப்பதையும், போயே தீருவேன் என்று மதன் நிற்பதையும் மனப்பாடமாக வைத்திருக்கும். தமிழ்ப் பாடத்தில் உரையாடல் எழுதப் பழக்க அதைவிட நல்ல இடம் எது?

மலையகத்தில், ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் பயிற்சி வைத்திருந்தோம். தப்பு என்னும் தோல் வாத்தியத்தை அடிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்தோம். அன்று நல்ல மூடுபனி. தோல் ஈரம் வாங்கித் தளர்ந்து, தப்பு ‘தொப்தொப்’ என்றது. அவர் முற்றத்தில் காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தி, தோலை நெருப்புக்குக் காட்டினார். விரலால் சுண்டிப் பார்ப்பார், திருப்பிக் காட்டுவார், மறுபடி சுண்டுவார். ஒலி படிப்படியாக ஏறி, கடைசியில் ‘கணீர்’ என்றது.

“ஏன் ஏறியது?” என்று ஆசிரியர்களைக் கேட்டேன். ஈரம் போயிற்று, தோல் இறுகிற்று, அதிர்வு வேகமாயிற்று, மீடிறன், அதாவது ஒரு வினாடியில் அதிரும் தடவை, கூடியது என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். பாடநூலில் இருக்கும் ஒலிப் பாடம் முழுவதும் அந்த முற்றத்தில் நடந்துவிட்டது. பிறகு அதே தப்பில் பின்னம். நான் நான்கு எண்ணும் நேரத்துக்கு ஒரு அடி, அதே நேரத்துக்குள் இரண்டு அடி, பிறகு நான்கு அடி. முழு, அரை, கால். தரம் நான்குப் பிள்ளைக்கு இது காதாலேயே விளங்கும்.

ஆனால் பெரியவர் தப்பை நீட்டியபோது வாங்க எந்தக் கையும் நீளவில்லை. சாவு வீட்டு வாத்தியம், அடிப்பவர்கள் இன்னார் என்ற எண்ணம் படித்தவர்களையும் விடவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்றும் வலிக்கிறது. கடைசியில் இளம் ஆசிரியை ஒருவர் வாங்கினார், பெரியவர் அவருக்குக் குச்சி பிடிக்கக் காட்டினார். அதன் பிறகே மற்றவர்கள் வந்தார்கள். ஆசிரியர் தொடாத வாத்தியத்தை வகுப்பில் மாணவனும் தொடமாட்டான். அதனால்தான் சொற்பொழிவு கேட்டுவிட்டுப் போகிற பயிற்சியில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆசிரியர் தம் கையால் அடிக்க வேண்டும், தாமே நடிக்க வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் பயிலும் இளையவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

நேரம் நெருங்குகிறது என்று கைகாட்டுகிறார்கள். சித்திரம் பற்றிப் பேச நினைத்திருந்தேன், அது இன்று முடியாது. ஒரே மண்டபத்தைக் கரும்பலகையால் மறித்து வகுப்பு நடத்துபவர்கள் சத்தத்துக்கு அஞ்சவேண்டாம். விரல் நுனியால் மேசையில் தட்டினாலும் தாளம்தான், பேசாமல் நடித்தாலும் நடிப்புத்தான். அதிபர்மாருக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சி முடிந்த மறுவாரமே அந்த ஆசிரியரின் வகுப்புக்குப் போய், பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர் செய்வதைப் பாருங்கள். குறிப்புப் புத்தகத்தை அலுவலகத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.