பினாங்கில் ‘அந்த நாள்’ பார்த்தவர்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

1954 ஏப்ரலில் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தைப் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒரு திரையரங்கில் பார்த்தவர் என் அப்பா. துறைமுகக் கிட்டங்கியில் வேலை முடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சிவாஜி படம் என்ற ஆவலோடு போயிருக்கிறார். படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி விழுந்து சாகிறார். பின்வரிசையில் ஒருவர், “கதாநாயகனே போய்விட்டான், இனி என்ன இருக்கிறது?” என்று உரக்கக் கேட்டாராம். அரை மணி நேரம் கழித்து இன்னொருவர், “பாட்டு எப்போது வரும்?” என்றாராம். பாட்டு வரவே இல்லை. இடைவேளைக்குப் பிறகு தம் வரிசையில் பாதிப் பேர்தான் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள் என்று அப்பா சொல்வார்.

தமிழ்நாட்டிலும் படம் ஓடவில்லை. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் அது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கினார், ஜாவர் சீதாராமன் எழுதி, துப்பறியும் அதிகாரி சிவானந்தமாக நடிக்கவும் செய்தார். ஏவி.எம். தயாரிப்பு. விமர்சகர்கள் அன்றே பாராட்டினார்கள். அந்த ஆண்டின் தேசிய விருதுகளில் தமிழுக்கான வெள்ளிப் பதக்கம் ‘மலைக்கள்ளன்’ படத்துக்குப் போனது. ‘அந்த நாள்’ தகுதிச் சான்றிதழ் பெற்றது. பாராட்டியவர்கள் எல்லோரும் ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் ஜப்பானியப் படமான அகிரா குரோசவாவின் ‘ரஷோமோன்’ படத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அதில் தவறில்லை. 1951-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாலசந்தர் இந்தக் கதையை முதலில் ஒரு நாடகமாக எழுதினார். அகில இந்திய வானொலிக்கு அனுப்பினார். வானொலி அதை ஏற்கவில்லை. ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ஆனால் அந்த ஒப்பீட்டோடு நின்றுவிடுவது எனக்கு நிறைவைத் தரவில்லை. ‘ரஷோமோன்’ படத்தில் நடந்தது என்ன என்பது கடைசிவரை உறுதியாகத் தெரியாது. ‘அந்த நாள்’ அப்படி விட்டுவிடுவதில்லை. கொலை செய்தது யார் என்ற விசாரணையில், பக்கத்து வீட்டுக்காரர் செத்தவனின் தம்பி பட்டாபியைக் காட்டுகிறார். தம்பி தன் மனைவியையே காட்டுகிறான். அவள் செத்தவனின் ஆசைநாயகி அம்புஜத்தைக் காட்ட, அம்புஜம் மறுபடியும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொண்டுவந்து நிறுத்துகிறாள். வட்டம் முடிந்ததும் செத்தவனின் மனைவி உஷாவின் முறை வருகிறது. உஷாவாக நடித்த பண்டரிபாயின் முகத்தைக் கவனியுங்கள். மற்றவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறார்கள். அவள் மட்டும் செத்தவனைப் பற்றிப் பேசுகிறாள்.

முடிவைச் சொல்லாமல் மேலே போக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். சிவாஜி நடித்த ராஜன் ஒரு ரேடியோ பொறியாளர். மலிவான விலையில் ரேடியோ செய்ய வேண்டும் என்ற அவனுடைய கனவுக்கு ஆதரவு கிடைக்கவில்லை. கசந்துபோய் ஜப்பானுக்கு ஒற்றனாகிறான். கதை நடக்கும் நாள் 1943 அக்டோபர் 11, சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த சமயம். அவன் உயிரைப் பறித்த துப்பாக்கி அவன் மனைவியின் கையில்தான் இருந்தது.

இந்தக் கதையைப் பினாங்கில் உட்கார்ந்து பார்ப்பது வேறு மாதிரி. 1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுனில் விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த கூட்டத்தின் மேலேயே ஜப்பான்காரர்கள் குண்டு போட்டார்கள். சில நாளில் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிக்கொண்டு, நம்மை விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வந்ததை நம் வீடுகளில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சொல்வோம். அதே காலத்தில், இதே பினாங்கில்தான் இந்திய இளைஞர்கள், இந்திய விடுதலைக்காக, வெள்ளைக்காரர்களுக்கு எதிரான ஒற்றர் வேலைக்குப் பயிற்சி பெற்றார்கள். 1942 செப்டம்பரில் அவர்களில் சிலர் இங்கிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்குப் போனார்கள். பிடிபட்டவர்களில் வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னையில் தூக்கிலிடப்பட்டார்கள். படத்தில் ராஜன் சாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, அதே சென்னையில்.

படத்தின் ராஜன் துரோகி. தூக்கில் தொங்கிய நால்வரும் தியாகிகள். இரண்டு தரப்பும் ஜப்பானின் உதவியோடுதான் வேலை செய்தார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தத் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பாட்டு இல்லாததா பெரிய குறை?

நான் இந்தப் படத்தைப் பார்த்தது எண்பதுகளில். கடைத்தெருவில் கேசட் வாடகைக்கு எடுத்து வந்து வீட்டில் போட்டேன். அப்பா பிரம்பு நாற்காலியில், அம்மா தரையில் கீரை ஆய்ந்துகொண்டு. உஷா உண்மையைச் சொல்லும் இடம் வந்ததும் அம்மாவின் கை நின்றுவிட்டது. கீரைத்தண்டு பாதி கிள்ளியபடியே விரலில் இருந்தது. “அந்தப் பெண் செய்தது சரி” என்றார். அம்மாவின் அண்ணன் ஜப்பான்காரர்களால் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு ஜப்பானுக்கு உதவியவன் யாராக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

அப்பா பதில் சொல்லவில்லை. காப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது. வெகு நேரம் கழித்து, “நேதாஜி கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். அந்தப் பையன்களை யாரும் துரோகி என்று சொல்லக் கூடாது” என்றார். படத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்று நான் சொன்னேன். “இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்” என்றார் அப்பா. பிறகு ராஜன் தன் பக்கத்து நியாயத்தைப் பேசும் காட்சியை மறுபடியும் போடச் சொன்னார். அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

விமர்சகர்கள் இந்தப் படத்தின் ஒளியமைப்பை, கதை சொல்லும் முறையை, சிவாஜியின் துணிச்சலைப் புகழ்ந்திருக்கிறார்கள். எல்லாம் தகும். உச்சத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு நடிகர் ஒற்றனாகவும் மனைவிக்குத் துரோகம் செய்பவனாகவும் நடிக்க ஒப்புக்கொண்டது சாதாரண காரியம் இல்லை. ஆனால் அரங்கத்தை விட்டு எழுந்து போனவர்களைப் பற்றி யாரும் அக்கறையோடு எழுதி நான் படித்ததில்லை. பாட்டுக்காக ஏங்கிப் போனவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன போரைத் திரையில் மறுபடி பார்க்க முடியாமல் போனவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். இரண்டாமவர் எழுந்து போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம், “பாட்டில்லை, படம் சரியில்லை” என்றுதான் சொல்லியிருப்பார்.

உங்கள் வீட்டில் அந்த நாட்களில் இந்தப் படத்தைப் பார்த்த பெரியவர்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து கேளுங்கள். பினாங்கோ, பட்டர்வொர்த்தோ, கோலாலம்பூரோ, எந்த ஊரில் பார்த்தார்கள், கடைசிவரை இருந்தார்களா, எந்தக் காட்சியில் எழுந்தார்கள் என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே எழுதி நிலையத்துக்கு அனுப்புங்கள். ஒரு வரி போதும். நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.

நன்றி, வணக்கம்.