காதறுபட்டவனின் சொந்தக்காரன்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, வணக்கம் அவ்வளவுதான்.

எதிர்ப்பு வரும்போது கிறிஸ்தவ விசுவாசத்தைத் துணிந்து சொல்ல வைப்பது பிறவித் துணிச்சலா, ஜெபத்தில் கேட்டுப் பெற்ற துணிவா? நாங்கள் இரண்டாவது கட்சி. எங்களைப் பார்த்து எதிரணி அம்மா என்ன சொன்னார்? "வேலைக்காரப் பெண் ஒருத்தி கேட்டதற்கே நடுங்கின பேதுருவா உங்கள் ஆள்? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!" நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நன்றாகத்தானே சொன்னார்!

ஆனால் அம்மா, இயேசு கைதான அந்த ராத்திரியைப் பாதியில் விட்டுவிட்டீர்களே. கைதுக்கு முன் அவருடைய சீடர் பேதுரு என்ன சொன்னார்? எல்லாரும் ஓடினாலும் நான் ஓடமாட்டேன், சாகவும் தயார் என்றார். பிறவித் துணிச்சல்! இயேசுவைப் பிடிக்க வந்தபோது தோட்டத்தில் வாளை உருவினார், பிரதான ஆசாரியனின் வேலைக்காரன் மல்குஸின் வலது காது போயிற்று. அதுவும் பிறவித் துணிச்சல்! உங்கள் கட்சிக்கு இவரைவிட நல்ல ஆள் கிடைப்பாரா? சேவல் கூவுமுன் என்னைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலிப்பாய் என இயேசு முன்பே சொல்லியிருந்தார்; அப்படியே மறுதலித்தார், விடிவதற்குள் சேவல் கூவிவிட்டது. உங்கள் சரக்கு ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

இதோடு விடுவேனா? மூன்று முறை மறுதலித்தார் என்று எண்ணிக்கை சொல்கிறோம். மூன்றாவது கேட்டவன் யார்? யோவான் எழுதி வைத்திருக்கிறார்: காதறுபட்டவனின் சொந்தக்காரன்! "உன்னைத் தோட்டத்தில் அவனோடு நான் பார்க்கவில்லையா?" குளிர், கரிநெருப்பு, சுற்றிலும் சேவகர்கள், எதிரே மல்குஸின் உறவுக்காரன். பேதுரு அவன் முகத்தையா பார்த்திருப்பார்? காதைப் பார்த்திருப்பார்! ஆண்டவர் தொட்டுச் சுகமாக்கிவிட்டார், சரி. வெட்டினது வெட்டினதுதானே? சொந்தக்காரர்கள் மறப்பார்களா?

பேதுருவின் வாயை அடைத்ததில் அவர் வீசின வாளுக்கும் பங்கு உண்டு என்பேன். ஆத்திரத்தில் சாட்சி சொல்கிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. அடுத்தவர் நம்பிக்கையைக் கேலி செய்து ஆரம்பிப்பார்கள். எதிர்க்கேள்வி வந்ததும், விசுவாசத்தைக் காப்பாற்றுவதா, வாய்தவறி விட்ட வார்த்தையைக் காப்பாற்றுவதா என்று விழிப்பார்கள்.

இப்போது வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரம். நடக்க முடியாத ஒருவனைச் சுகமாக்கிய பேதுருவைப் பிடித்து, யார் நாமத்தால் செய்தீர்கள் என்று விசாரிக்கிறார்கள். பெந்தெகொஸ்தே, அதாவது சீடர்கள் மேல் பரிசுத்த ஆவி இறங்கின நாள், கழிந்துவிட்டது. இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியர்கள், அதே அன்னா, அதே காய்பா. யாருடைய முற்றத்தில் நடுங்கினாரோ அவர் முன்பாகவே பேதுரு நிற்கிறார். கையில் வாள் இல்லை. பேச்சு ஐந்தே வசனம், 8 முதல் 12 வரை. மரியாதையாக விளித்தார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார். யார் நாமத்தால் என்று பெயரைச் சொன்னார். சுகமான மனிதன் பக்கத்திலேயே நிற்கிறான், நாற்பது வயதுக்கு மேற்பட்டவன். நிறுத்திக்கொண்டார். நம்மைப் போல மைக்கைப் பிடித்துத் தொங்கவில்லை.

விடுதலையாகி வந்து என்ன ஜெபித்தார்கள்? 29-ஆம் வசனம்: மிரட்டலைக் கவனியும், வசனத்தைச் சொல்லத் தைரியம் தாரும். மிரட்டுகிறவர்களை அப்புறப்படுத்தும் என்ற மனு அதில் இல்லை. பிறவியிலேயே இருந்தால் எதற்கு அம்மா கேட்க வேண்டும்? பவுலும் சிறையிலிருந்து, தைரியமாய்ப் பேச எனக்காக ஜெபியுங்கள் என்று எபேசியருக்கு எழுதினார். 1521-இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரத்து அரசவையில், எழுதியதை மறுக்கச் சொன்னபோது, சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் முதல்நாள் யோசிக்க அவகாசம் கேட்டார், மறுநாள்தான் பதில் சொன்னார். ஆகவே "யோசித்துச் சொல்கிறேன்" என்பது கோழைத்தனம் ஆகாது. கேள்வி வருமுன்னே உங்கள் நம்பிக்கைக்கான காரணத்தை மூன்று வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். சாந்தத்தோடு சொல்லுங்கள் என்று நிருபம் எழுதினவரும் வாள் வீசின அதே பேதுருதான்!

மணியடிக்கிறார். இன்னும் ஒரு நிமிடம், ஐயா.

வீட்டில் ஒரே ஆளாக விசுவாசித்து, சாப்பிடும் முன் தலைகுனிந்து ஜெபிக்கவும் பயப்படுகிற பிள்ளை இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். துணிச்சல் பிறவியிலேயே வேண்டும் என்று தீர்ப்பானால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? மறுதலிப்பான் என்று தெரிந்தே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றாரே ஆண்டவர்! விழுவதற்கு முன்பே அவனுக்காக ஜெபம் ஏறிவிட்டது! சேவல் கூவினதும் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை ஐயா. அந்தப் பார்வைக்குத்தான் அந்த முரட்டு மீனவன் வெளியே போய் மனங்கசந்து அழுதான்.

நடுவர் அவர்களே, எங்கள் வாதத்தில் ஓட்டை இருந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். தீர்ப்பை மட்டும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி.