முன்பதிவு செய்தும் வராத மாணவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரிகளின் துணைப்பயிற்சி மையங்களில் நேரம் முன்பதிவு செய்துவிட்டு, முன்கூட்டிச் சொல்லாமலே வராமல் போகும் மாணவர்களை எப்படிக் கையாள்வது என்பது பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

கணக்கிலோ கட்டுரை எழுதுவதிலோ தடுமாறும் மாணவர், அந்தப் பாடத்தில் தேர்ந்த ஒருவருடன் தனியாக அமர்ந்து கற்க இம்மையங்கள் வழிசெய்கின்றன. பயிற்றுநர் குறித்த நேரத்துக்கு வந்து காத்திருக்கிறார். பதிவு செய்தவர் வரவில்லை. அதே நேரத்தைக் கேட்டு, இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட வேறொரு மாணவரும் இருந்திருக்கலாம். தேர்வு நெருங்கும் வாரங்களில் இந்த இழப்பு மிகவும் உறைக்கும். மைய நிர்வாகிகள் கடுமையான விதிகளை நாடுவது இதனால்தான். ஆனால் வீணாகும் நேரம் ஒரு சிக்கல், வராமல் போன மாணவர் இன்னொரு சிக்கல். முன்னதை விதிகளைக் கொண்டு பெருமளவு சரிசெய்துவிடலாம். பின்னதற்கு அதே விதிகளைப் பயன்படுத்தினால், உதவி மிகவும் தேவைப்படும் மாணவரையே நாம் இழந்துவிடுவோம்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். மருத்துவச் சந்திப்புகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வில், கைபேசிக் குறுஞ்செய்தியால் நினைவூட்டப்பட்டவர்கள், நினைவூட்டலே பெறாதவர்களைவிடக் கூடுதலாக வந்தார்கள் என்று தெரியவந்தது. துணைப்பயிற்சி மையத்துக்கும் இது பொருந்தும் என்றே கருதுகிறேன். முந்தைய நாள் ஒன்றும் அன்றைக்குச் சில மணி நேரம் முன்னதாக ஒன்றுமாகச் செய்தி அனுப்பி, அந்தச் செய்தியிலிருந்தே பதிவை நீக்கிக்கொள்ளவும் வழி வைக்க வேண்டும். நேரத்தை விட்டுக்கொடுப்பது எளிதாக இருந்தால்தான் அது காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்குப் போய்ச் சேரும். 15 நிமிடம் வரை பார்த்துவிட்டு, நேரில் வந்து காத்திருப்பவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடலாம். பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யும் வசதியையும் சுருக்குவது நல்லது, ஏனென்றால் பருவத் தொடக்கத்தில் உற்சாகமாகப் பதிவு செய்த நேரம், பிறகு மாறிய வகுப்புகளோடும் பகுதிநேர வேலையோடும் ஒத்துவராமல் போய்விடுகிறது.

அபராதம் விதிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. மாலையில் தாமதமாகக் குழந்தைகளை அழைத்துச்செல்ல வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தபோது தாமதம் குறையவில்லை, கூடியது. அபராதத்தை நீக்கிய பின்னும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பணம் கட்டிவிட்டோம், இனிக் கூச்சப்பட என்ன இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டதாக ஆய்வாளர்கள் யூரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் விளக்கினார்கள். கையில் காசில்லாத மாணவரிடமோ அபராதம் வேறு விதமாக வேலைசெய்யும்: அவர் மையத்தின் பக்கமே வரமாட்டார்.

மூன்று முறை வராவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் சேவை கிடையாது என்ற விதியையும் நான் ஏற்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு முன்பதிவு உரிமையை மட்டும் சில வாரம் நிறுத்திவைத்து, நேரில் வந்து காத்திருந்து கற்கும் வாய்ப்பைத் திறந்தே வைத்திருக்கலாம். அப்போது மற்றவர்களின் நேரமும் வீணாகாது, அவருக்கும் கதவு அடைபடாது.

இனி மாணவருக்கு வருவோம். மறதியும் உடல்நலக் குறைவும் பேருந்தைத் தவறவிடுவதும் எல்லோருக்கும் நேர்பவை. அவற்றைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. என்னை வருத்துவது வேறொரு காரணம். படித்து வரச் சொன்ன பகுதியைப் படிக்கவில்லை, கட்டுரையில் ஒரு பத்தியும் எழுதவில்லை, தேர்வில் வந்த மதிப்பெண்ணை யாரிடமும் காட்ட மனமில்லை. இந்த நிலையில் பயிற்றுநர் முன் போய் உட்காருவதைவிட வராமலிருப்பதே மேல் என்று அந்த மாணவருக்குத் தோன்றிவிடுகிறது. ஒருமுறை வராமலிருந்த பிறகு, மறுபடி வருவது முன்னைவிடக் கடினமாகிறது.

ஆகவே, வராமல் போன அன்றே மையம் அனுப்பும் செய்தி மிக முக்கியமானது. “இது உங்கள் முதல் விதிமீறல்” என்று தொடங்கும் கடிதம் அவர் அஞ்சியதையே உறுதிப்படுத்தும். “இன்று உங்களைப் பார்க்க முடியவில்லை, நலமாக இருக்கிறீர்களா? வியாழன் மாலை நான்கு மணிக்கு இடம் இருக்கிறது. எதையும் தயார் செய்யாமல் வந்தாலும் பரவாயில்லை, சேர்ந்தே தொடங்கலாம்” என்று எழுதினால், அவர் திரும்பி வர வழி பிறக்கும். இன்ன நாள், இன்ன நேரம் என்று குறிப்பிட்டு அழைப்பது அவசியம். மையத்தின் விதியையும் அதே செய்தியின் இறுதியில் ஒரு வரியில் தெளிவாகச் சொல்லலாம். அவர் வந்ததும் போன வாரம் ஏன் வரவில்லை என்று பயிற்றுநர் விசாரணையில் இறங்காமல் நேராகப் பாடத்துக்குப் போய்விட வேண்டும். பேராசிரியரின் வற்புறுத்தலால் பதிவு செய்தவர்களிடம் மட்டும், எந்தப் பகுதியில் உதவி வேண்டும் என்று பதிவின்போதே கேட்டு வாங்குவது நல்லது. தாமே ஒரு கேள்வியை எழுதித் தந்தவருக்கு வருவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று கிடைக்கிறது.

நிர்வாகிகளுக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மாணவர் வராத நேரத்துக்கும் பயிற்றுநருக்கு ஊதியம் கொடுங்கள். பயிற்றுநர்களில் பலர் தாமும் மாணவர்களே. அந்த ஒரு மணி நேரத்தை நம்பித் தம் படிப்பையும் வேறு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்தவர்கள். பயிற்சித்தாள் தயாரிக்கவோ, நேரில் வருவோருக்கு உதவவோ அந்த நேரத்தை அவர்கள் பயன்படுத்தலாம்.

நன்றி, வணக்கம்.