பத்தாயிரம் ரூபாயும் மலைப் பாதையும்

பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்களே, தலைமை ஆசிரியர்களே, வணக்கம்.

நேராகப் பணத்துக்கே வருகிறேன். சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் வருகிறது. 30 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். ஆக, சின்னப் பள்ளிக்கு மிஞ்சுவது 9,000. மாதத்துக்கு 750 ரூபாய்!

தலைக்கு வகுத்தால் சின்னப் பள்ளிக்குத்தான் அதிகம் என்பார்கள். 30 பிள்ளைகள் என்றால் தலைக்கு 333, 250 பிள்ளைகள் என்றால் 200. சரி, ஆனால் ஓடு உடைவதும் மோட்டார் எரிவதும் தலையை எண்ணிக்கொண்டா நடக்கிறது? ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் குழாய் உடைந்தால் பிளம்பர் கீழே அந்தியூரிலிருந்து ஏறி வர வேண்டும். வாஷர் சில ரூபாய்தான். அவருடைய ஒரு நாள் கூலியும் வண்டிச் செலவும் யார் கணக்கில்?

31 பிள்ளைகள் உள்ள ஊரில் ஒரே ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி வெளியூர் போனால் 25,000 என்பது 10,000 ஆகிவிடும். கட்டடம் அதேதான், கழிப்பறையும் அதேதான். இது அநியாயம்.

மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் வேலை என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கையெழுத்துக்காக மட்டும் நோட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பழக்கம் நிற்க வேண்டும். எது முதலில் என்று ஜூன் மாதமே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மானியம் தாமதமாக வந்தால், நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் அவசரமாக எதையாவது வாங்கத் தோன்றும். பட்டியல் கையில் இருந்தால் அந்த நிலை வராது.

அப்புறம், ஜீப் வாடகைக்குப் பில் கிடைக்காது என்று சொந்தக் காசைப் போடும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் வேண்டாம். வவுச்சர் எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கி, ரொக்கப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மலைப் பள்ளிக்கு இப்படி ஒரு செலவு இருப்பதே மேலே உள்ளவர்களுக்குத் தெரியாமல் போகும்.

அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் நாம் கேட்க முடியும்: எண்ணிக்கை எதுவானாலும் ஒரு அடிப்படைத் தொகை, அதற்கு மேல் தூரத்துக்கு ஏற்ப வண்டிச் செலவு. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இதைத் தீர்மானமாகப் போட்டு வட்டாரப் பள்ளிகளைக் கவனிக்கும் கல்வி அலுவலகமான வட்டார வளமையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.