கண்ணாடி போட்ட பிள்ளையை மைதானத்தில் இருந்து கூப்பிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கடந்த ஆண்டு வெள்ளவத்தையில் இருந்து ஒரு தாய் தன் 13 வயது மகனைக் கூட்டிக்கொண்டு கண் மருத்துவரான என்னிடம் வந்தார். வகுப்பில் பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறானாம். அதற்காக இரண்டு தடவை எழுப்பி நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். சோதித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் 2. கிட்ட உள்ளது தெளிவாகத் தெரியும், தூரத்தில் உள்ளது மங்கும். கிட்டப்பார்வை என்று சொல்வது இதைத்தான். தாய் நம்பவில்லை. "டொக்டர், இவன் பாடசாலை கிரிக்கெட் அணியில் முதல் ஆளாக இறங்கி ஆடுகிறவன். போன மாதம்கூட அரைச்சதம் அடித்தான். கண் தெரியாத பிள்ளை பந்தை எப்படி அடிக்கும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆனால் அன்று வெளியே வாங்கில் ஏராளமானோர் காத்திருந்தார்கள். இரண்டு வாக்கியத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. வானொலியில் பேச அழைப்பு வந்தபோது, அந்தத் தாய்க்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லலாம் என்று எண்ணினேன். அவரும் கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, வீச்சாளரின் கையை விட்டுப் புறப்பட்டுத் துடுப்பாட்ட வீரரை அடைய அரை விநாடிகூட ஆகாது. பெரிய வீரர்களுக்குக் கண்ணும் கையும் மற்றவர்களைவிட வேகமாக இயங்குகின்றன, அதனால்தான் அடிக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். பீட்டர் மெக்லியொட் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 1987இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆடுகளத்தில் போட்ட விரிப்புக்கு அடியில் மரக் குச்சிகளைப் பதித்து, பந்து குத்தி எழும்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் ஊகிக்க முடியாதபடி செய்தார். ஆடியவர்கள் சர்வதேச வீரர்கள். பந்து திரும்பியதைக் கண்டு துடுப்பை மாற்ற அவர்களுக்கும் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் தேவைப்பட்டது. உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை.

அப்படியென்றால் அவர்களுடைய திறமை எங்கே இருக்கிறது? 2000ஆம் ஆண்டில் அதே மெக்லியொட், மைக்கல் லாண்ட் என்பவரோடு சேர்ந்து, துடுப்பாட்ட வீரர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார். பந்து இயந்திரத்தில் இருந்து விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வந்தது. ஆடியவர்களின் கண் பந்தை முழுவதும் பின்தொடரவில்லை. பந்து புறப்படுவதைப் பார்த்தது. உடனே பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்குத் தாவியது. அங்கே பந்துக்காகக் காத்திருந்தது. குத்தி எழுந்த பிறகு மீண்டும் சிறிது தூரம் பந்தோடு போனது. திறமை கூடியவரின் கண் அந்த இடத்துக்கு முந்தித் தாவியது.

இந்த ஆய்வை முதன்முதல் வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிறு வயதில் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் டெனிஸ் பந்தில் ஆடும்போது பெரியண்ணா "பந்தைப் பாரடா, பந்தையே பார்" என்று கத்துவார். பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பந்து போய்விடும் என்பது அவருக்கும் தெரியாது. அவருடைய கண் அதைத் தெரிந்துதான் ஆடிக்கொண்டிருந்தது. 2013இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் உலகின் மிகச் சிறந்த துடுப்பாட்ட வீரர்கள் சிலரைச் சோதித்தபோது, பந்து வரும் திசையோடு அவர்களின் தலை இழுத்துக் கட்டியதுபோலத் திரும்புவதையும், கண் மட்டும் முன்னே ஓடிப் பந்துக்காகக் காத்திருப்பதையும் கண்டார்கள்.

பந்து கையை விட்டுப் புறப்படும் முன்பே தேர்ந்த வீரர் பல தகவல்களை எடுத்துவிடுகிறார் என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அவர் பார்ப்பது வீச்சாளரின் கையையும் மணிக்கட்டையும். பொரளையில் தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடிய நம்முடைய முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தாரே, எதிரணிக்காரர்கள் அவருடைய மணிக்கட்டைப் படிக்க எத்தனை ஆண்டுகள் பாடுபட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு நேரான பதில். டேவிட் மான் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல பார்வையுள்ள துடுப்பாட்டக்காரர்களுக்கு வேண்டுமென்றே பார்வையை மங்கச் செய்யும் கொன்டாக்ட் லென்ஸ்களை மாட்டி ஆடவிட்டார்கள். முதலில் பவர் 1, பிறகு 2, பிறகு 3. இயந்திரம் வீசிய பந்துக்கு 1இலும் 2இலும் ஆட்டம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 3 வந்தபோதுதான் சரிந்தது. பின்னர் உண்மையான வீச்சாளர்களை வைத்துச் சோதித்தபோது, வேகம் கூடியவர்களுக்கு எதிரே இன்னும் குறைந்த மங்கலிலேயே தடுமாற்றம் தொடங்கியது.

அந்தப் பையனுக்கு மைனஸ் 2. 13 வயதுப் பிள்ளைகள் வீசும் வேகத்துக்கு அவனுடைய மூளை அந்த மங்கலை ஈடுசெய்துகொண்டே வந்திருக்கிறது. பலகையில் உள்ள எழுத்துக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த எழுத்து எங்கே குத்தி எழும் என்று ஊகிக்க முடியாது. ஆகவே வகுப்பில் பிடிபட்டான், மைதானத்தில் பிடிபடவில்லை. இதைச் சொல்லவே நான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்: பிள்ளை நன்றாக ஆடுகிறான் என்பதை வைத்து அவன் கண் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பயிற்சியாளர்களிடமும் இதைக் கைகூப்பிக் கேட்கிறேன். வருடத் தொடக்கத்தில் காலணி அளவு கேட்கிறீர்கள், உயரம் நிறை எடுக்கிறீர்கள். ஆறு மீட்டர் தூரத்தில் ஓர் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் வாசிக்கச் சொல்ல ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும்.

ஒரு கண்ணை மூடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கண் போனாலும் மற்றக் கண்ணால் சமாளித்துவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பெற்றோருக்குப் பல ஆண்டு தெரியாது. மன்சூர் அலி கான் பட்டோடி 1961இல் இங்கிலாந்தில் ஒரு கார் விபத்தில் வலது கண்ணின் பார்வையை இழந்தார். சில மாதங்களில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். 21 வயதில் இந்திய அணிக்குத் தலைவரானார். அவருடைய நெஞ்சுரம் பெரியது. ஆனால் அது அவர் பட்ட இழப்பைச் சிறிதாக்கிவிடாது.

கண்ணுக்கான பயிற்சி என்று பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுப்பதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2001இல் புரூஸ் அபர்னெத்தியும் ஜோன் வுட்டும் செய்த ஆய்வில், நான்கு வாரம் அப்படிப் பயிற்சி எடுத்தவர்கள், சும்மா டெனிஸ் ஒளிப்பதிவு பார்த்தவர்களைவிட மேலாக வரவில்லை. அந்தப் பணத்தில் நல்ல பாதுகாப்புக் கண்ணாடி வாங்கலாம்.

தாய் கடைசியாகச் சொன்னதுதான் என்னை மிகவும் வருத்தியது. "அப்போ இனி விளையாட்டை நிறுத்திவிடுவோம் டொக்டர். எப்படியும் சாதாரண தரப் பரீட்சை வருகிறது." பையன் குனிந்து தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொழும்பில் நம் வீடுகளில் இது வழக்கமாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஒரு தடவை நிறுத்துகிறோம், கண்ணாடி வந்ததும் இன்னொரு தடவை நிறுத்துகிறோம். பாடசாலை விட்டதும் ரியூஷன், ரியூஷன் விட்டதும் கைத்தொலைபேசி. கிட்டப்பார்வைக்கு இதைவிட நல்ல விளைநிலம் கிடையாது.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. முதலாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 40 நிமிடம் வெளிவெளிச்சத்தில் கூடுதலாக ஒரு பாடவேளை கொடுத்தார்கள். மூன்று ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. கூடுதல் நேரம் கிடைக்காதவர்களில் 39.5 சதவீதத்தினருக்கு. மருந்து இல்லை, செலவு இல்லை, வானத்துக்குக் கீழே 40 நிமிடம் மட்டும். ஏற்கெனவே வந்துவிட்ட கிட்டப்பார்வையை இது மாற்றாது, உண்மை. ஆனால் அந்தப் பையனுக்குப் பின்னால் ஏழு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். காலிமுகத்திடல் பக்கத்தில்தான் இருக்கிறது.

விளையாடலாம் என்கிறேனே, எந்தக் கண்ணாடியோடு? சாதாரணக் கண்ணாடியோடு வேண்டாம். அடி பட்டால் சட்டமே கண்ணைக் கிழிக்கும். பொலிகார்பனேட் வில்லையும், தலையைச் சுற்றிப் பிடிக்கும் பட்டியும் உள்ள விளையாட்டுக் கண்ணாடி வேண்டும். பவரையும் அதிலேயே போட்டுத் தருவார்கள். கடின பந்துக்கு அதன் மேல் கம்பியுள்ள தலைக்கவசம். கொன்டாக்ட் லென்ஸ் பார்வையைத் தரும், பாதுகாப்பைத் தராது. அதை மாட்டிக்கொண்டு கடலிலோ நீச்சல் குளத்திலோ இறங்கவே கூடாது.

இனி ஒரு பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 14 வயது, பூப்பந்தாட்டம். இரட்டையர் ஆட்டத்தில் வலைக்குப் பக்கத்தில் நின்றவள், பின்னால் நிற்கும் தோழி அடித்துவிட்டாளா என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். ஷட்டிலின் தக்கை நேராக இடது கண்ணில் பட்டது. வீட்டில் நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டார்கள், ஐஸ் வைத்து அழுத்தினார்கள். மறுநாள் பின்னேரம் தகப்பனார் கூட்டி வந்தார். "ஒன்றுமில்லை டொக்டர், கொஞ்சம் சிவந்திருக்கிறது" என்றார். கருவியில் அவள் தாடையை வைக்கச் சொல்லி விளக்கைப் பிடித்தேன். கருவிழிக்குப் பின்னால், தெளிந்த நீர் இருக்க வேண்டிய இடத்தில், கோப்பையின் அடியில் தேயிலைச் சாயம் தங்கியதுபோல இரத்தம் மட்டமாகத் தங்கியிருந்தது. அவள் தலையைச் சற்றே சரித்தபோது அந்த மட்டமும் மெல்லச் சரிந்தது. தகப்பனாரையும் பார்க்கச் சொன்னேன். பார்த்தவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

கிரிக்கெட் பந்து கண்குழியின் வாயைவிடப் பெரியது. அடியின் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள எலும்பு வாங்கிக்கொள்ளும். ஷட்டிலின் தக்கை 25 முதல் 28 மில்லிமீட்டர் வரைதான். எலும்பைத் தொடாமலே உள்ளே போகும். டெனிஸ் பந்தும் நசுங்கிக் குழிக்குள் பிதுங்கும். "மென்பந்துதானே" என்று ஒழுங்கைகளில் விளையாடும் தம்பிமாருக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

முன்பு சொன்ன ஊகமெல்லாம் பந்தை எதிர்பார்த்து நிற்பவனைத்தான் காக்கும். எதிர்பாராத பக்கத்தில் இருந்து வருவதைக் கண்ணும் மூளையும் தடுக்க முடியாது. தென்னாபிரிக்காவின் மார்க் பவுச்சர் 147 டெஸ்ட் போட்டிகளில் ஆடிய விக்கெட் காப்பாளர். 2012 ஜூலையில் இங்கிலாந்தின் டோன்டனில், சுழற்பந்து வீச்சாளர் இம்ரான் தாஹிர் விக்கெட்டை வீழ்த்தியபோது, மேலே இருந்த சிறு மரத்துண்டு பறந்து வந்து அவருடைய இடது கண்ணில் பட்டது. தலைக்கவசம் இல்லை. அத்தோடு அவருடைய சர்வதேச ஆட்டம் முடிந்தது.

பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் முரட்டுத்தனமாக ஆடுவார்கள், வேறு காயம் கூடும் என்று சில பயிற்சியாளர்கள் வாதாடுகிறார்கள். அமெரிக்காவில் பாடசாலைப் பெண்களின் ஹொக்கி ஆட்டத்தை வைத்து இதை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயமில்லாத மாநிலங்களில் கண் காயங்கள் ஐந்து மடங்குக்கும் மேல். தலை அதிர்ச்சிக் காயங்களிலோ வித்தியாசம் இல்லை. அந்த வாதத்துக்கு இதற்கு மேல் நான் பதில் தேட வேண்டியதில்லை.

கண்ணில் அடி பட்டால்: தேய்க்க வேண்டாம், அழுத்த வேண்டாம், பூச்சாறோ தாய்ப்பாலோ வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தோ விட வேண்டாம். கடதாசிக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணைத் தொடாமல் எலும்பில் தங்கும்படி மேலே வைத்து ஒட்டுங்கள். அஸ்பிரின் கொடுக்காதீர்கள். அன்றைக்கே, மறுநாள் வரை வைக்காமல், தேசிய கண் வைத்தியசாலைக்கோ பக்கத்தில் உள்ள கண் மருத்துவரிடமோ கொண்டு போங்கள். பிறகு வரும் வாரங்களில் மின்னல் வெட்டுவதுபோல ஒளி தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுவதுபோல மறைத்தாலோ, விழித்திரை கிழிந்திருக்கலாம். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கு இந்த ஆபத்து இன்னும் கூட.

டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தின் மூலம் உலகின் எத்தனையோ நாடுகளுக்கு நாம் கருவிழி அனுப்பியிருக்கிறோம். இலங்கையனாக அதில் எனக்கு மிகுந்த பெருமை. ஆனால் இப்படித் தானமாகக் கிடைத்துப் பார்வையைத் திருப்பித் தருவது முன்பக்கத்துக் கருவிழி மட்டும்தான். விழித்திரையையும் பார்வை நரம்பையும் மாற்றிவைத்துப் பார்வையைத் திருப்பித் தர இன்றுவரை யாராலும் முடியவில்லை.

அந்தப் பையனுக்குப் பட்டி வைத்த கண்ணாடி செய்தோம். மூன்று வாரம் கழித்து வந்தான். எப்படி இருக்கிறது தம்பி என்று கேட்டேன். "பந்தில் தையல் சுற்றுவது தெரிகிறது, டொக்டர்" என்றான். அம்மா கைப்பையில் எதையோ தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெண்பிள்ளையின் கண்ணில் இருந்த இரத்தம் ஒன்பது நாளில் வடிந்தது. பார்வை திரும்பிவிட்டது. இடது கண்மணி மட்டும் வெளிச்சத்தில் முழுவதும் சுருங்குவதில்லை; படம் எடுக்கும்போது இரண்டு கண்ணும் ஒருபோல இல்லை என்று குறைப்படுகிறாள். இப்படி அடி பட்ட கண்ணில் பல ஆண்டு கழித்தும் அழுத்தம் ஏறலாம் என்பதால் வருடத்துக்கு ஒரு தடவை என்னிடம் வரவேண்டும், 40 வயதானாலும் வரவேண்டும். இப்போது மறுபடி ஆடுகிறாள், கண்ணாடியோடு. போன தடவை வந்தபோது தோழியையும் கூட்டி வந்திருந்தாள். ஷட்டிலை அடித்த அதே தோழி. தனக்கும் அதேபோல ஒரு கண்ணாடி எங்கே செய்யலாம் என்று அந்தப் பிள்ளை கேட்டது.

வணக்கம்.